தேசிங்கு – 1955 – 2023

அந்த மாலையைத் தொடாதீர்கள் சார். கோபித்துக்கொள்ளாதீர்கள். கோணலாகத் தொங்குகிறது, படம் எடுக்க இடைஞ்சலாக இருக்கிறது, அதனால்தான் சரி செய்யப் போனீர்கள். புரிகிறது. ஆனால் அதைக் கழற்ற வேண்டியவன் நான். இதுவரை நான்தான் கழற்றியிருக்கிறேன்.

படத்தில் இருப்பது நான் சார்.

பரவாயில்லை, எல்லோரும் இப்படித்தான் ஓரடி பின்னால் போகிறார்கள். நேற்று ஒரு அம்மா என்னைப் பார்த்துவிட்டு, "ஐயோ, இருக்கீங்களா!" என்று கேட்டது. இருக்கிறேன் என்று சொன்னேன். வேறு என்ன சொல்வது? காதைப் பாருங்கள், தெரியும். அங்கே முறம் மாதிரி விரிந்திருக்கிறதே, அதே காதுதான் இங்கே இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் என்னை யானை என்பார்கள். ஐந்தாவதோடு நின்றுவிட்டேன். காதுக்காக இல்லை, அப்பா போய்விட்டார்.

உட்காருங்கள் சார். படியில் உட்காரலாம், நான் காலையிலேயே பெருக்கிவிட்டேன். நான் இவ்வளவு பேசுகிறவன் இல்லை. இந்த ஸ்டேஷன் கட்டின நாளிலிருந்து கீழே வண்டி ஸ்டாண்டில் டோக்கன் கொடுத்தவன். டோக்கன் கொடுக்கிறவனுக்கு என்ன பேச்சு இருக்கிறது? "லாக் போட்டீங்களா", "டோக்கன் பத்திரம்". அவ்வளவுதான். இன்றைக்குப் பேசாவிட்டால் இனிமேல் பேச எனக்கு இடம் இல்லை, அதனால்தான். நாளைக் காலை வண்டியில் அரக்கோணம் போகிறேன். அண்ணன் மகன் வீட்டுக்கு. மீர்சாகிப்பேட்டையில் இருந்த அறையை இன்று காலை காலி செய்துவிட்டேன். பையும் பாயும் அதோ, கேசவன் டீக்கடையில் இருக்கின்றன.

எப்படிப் படம் எடுத்தார்கள் என்றுதானே கேட்கிறீர்கள். சொல்கிறேன். யாழினி என்று ஒரு பெண். முடியை ஒட்ட வெட்டியிருக்கும், ஆனால் மரியாதையான பெண். "ஐயா, உங்க முகம் வேணும்" என்றது. "எதுக்கும்மா?" என்றேன். "சும்மாதான் ஐயா. நல்லா இருக்கு" என்றது. என் முகத்தை நன்றாக இருக்கிறது என்று சொன்ன இரண்டாவது ஆள் அந்தப் பெண். முதல் ஆள் என் மனைவி பச்சையம்மாள், அவளும் கல்யாணமான புதிதில் ஒரு தடவை சொன்னதோடு சரி. எடுத்த பிறகு பெயர் கேட்டது. பிறந்த வருஷம் கேட்டது. சரியாகச் சொன்னேன். எனக்குத் தப்பாகச் சொல்ல வராது. அதற்கப்புறம் ஒன்றரை வருஷம் ஆளைக் காணோம். நானும் மறந்துவிட்டேன்.

போன மாதம் திடீரென்று லாரியில் சாமான் வந்து இறங்குகிறது. நகரம் முழுக்கப் புகைப்படத் திருவிழாவாம். கடற்கரையில் வைக்கிறார்கள், பூங்காவில் வைக்கிறார்கள், பறக்கும் ரயில் ஸ்டேஷன்களில் வைக்கிறார்கள். வெளிநாட்டுக்காரர்கள் எல்லாம் வருவார்களாம். அதற்காக ஸ்டாண்டை மூடச் சொல்லிவிட்டார்கள். காண்ட்ராக்டர் வந்து, "தேசிங்கு, ஒரு மாசம் ரெஸ்ட் எடு" என்றார். அப்புறம் மெதுவாக, திருவிழா முடிந்தால் ஸ்டாண்டை வேறு ஆட்கள் எடுக்கிறார்கள், மெஷின் வைக்கப்போகிறார்கள் என்றார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. மறுநாள் வந்து பார்த்தால், நான் உட்கார்ந்திருந்த இடத்துக்கு மேலேயே நான் தொங்குகிறேன். இரண்டு ஆள் உயரம். கறுப்பு வெள்ளை. கீழே எழுதியிருப்பதைப் படித்தீர்களா? தேசிங்கு. பக்கத்தில் 1955. அதற்குப் பக்கத்தில் 2023.

முதல் வருஷம் நான் பிறந்தது, இரண்டாவது வருஷம் படம் எடுத்தது. அந்தப் பெண்ணுக்கு அது அவ்வளவுதான். ஆனால் நம் ஊரில் கறுப்பு வெள்ளையில் முகம் போட்டு, பெயர் போட்டு, இரண்டு வருஷமும் போட்டால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள்? "கண்ணீர் அஞ்சலி" என்ற இரண்டு வார்த்தை மட்டும்தான் பாக்கி.

கேசவன் முதல் நாளே ஆரம்பித்துவிட்டான். "என்ன தேசிங்கண்ணே, காரியம் என்னிக்கி? வடை பாயசம் உண்டா இல்லியா?"

"உனக்கு இல்லடா" என்றேன்.

"சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டியேண்ணே" என்று ஒரு டீயைப் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுப் போனான். ஆறுவதற்குள் நான் எடுத்துக் குடித்துவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

யாழினியிடம் சொல்லியிருந்தால் அந்த இரண்டாவது வருஷத்தை அழித்திருப்பார்கள். நான் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்றால்... இருக்கட்டும். தினமும் வந்து எதிரே உட்கார்கிறேன். எவனாவது பாக்கு போட்டுத் துப்பிவிடக் கூடாது. ஸ்டேஷன் சுவர் என்றாலே துப்புகிறார்கள். அதற்காகத்தான் வருகிறேன்.

இல்லை சார். நீங்கள் இப்படிப் பார்த்தால் எனக்குப் பொய் சொல்ல வரவில்லை.

எனக்கு ஒரு பெண் இருக்கிறது. வேதவல்லி. வேதா என்று கூப்பிடுவோம். அது இந்தப் படத்தைப் பார்க்காதா என்றுதான்.

ஊரெல்லாம் பேப்பரில் போட்டிருக்கிறது, டிவியில் காட்டுகிறார்கள், ஆளாளுக்குப் படம் எடுத்து அனுப்புகிறார்கள். எங்கேயோ ஒரு மூலையில் அதன் கண்ணில் பட்டுவிடாதா? பட்டால் அப்பன் செத்துவிட்டான் என்றுதானே நினைக்கும்? செத்தவனைப் பார்க்கவாவது வருமல்லவா? உயிரோடு இருக்கிறவனைப் பார்க்க வருவதற்கு ஆயிரம் தடை. செத்தவனைப் பார்க்க என்ன தடை? அதனால்தான் வருஷத்தை அழிக்கச் சொல்லவில்லை. வந்தால் எழுந்து நிற்கலாம் என்று இருந்தேன். எழுந்து நின்று என்ன பேசுவது என்று யோசிக்கவில்லை. "சாப்பிட்டியா" என்று கேட்டிருப்பேன்.

வரவில்லை சார். இன்றோடு திருவிழா முடிகிறது. ஒரு மாதமாக எவ்வளவு பேர் வந்தார்கள், அது வரவில்லை. அவ்வளவு கல் நெஞ்சு. அம்மா செத்ததற்கே வராதது, எனக்கா வரும்?

என்ன நடந்தது என்றா? ஒன்றும் நடக்கவில்லை. எல்லா வீட்டிலும் நடப்பதுதான். எங்கள் தெருக்கோடியில் நிஜாம் என்று ஒரு தையற்காரப் பையன். என்னிடம்தான் வண்டி விடுவான். நல்ல பையன் என்றுதான் நினைத்திருந்தேன், டோக்கனை மடக்காமல் கொடுப்பான். ஒருநாள் இரண்டு பேரும் போய்விட்டார்கள். பதின்மூன்று வருஷம் ஆகிறது. நான் அடிக்கவில்லை, போலீசுக்குப் போகவில்லை. ஆள் வைத்துத் தேடவில்லை. எத்தனை அப்பன்கள் என்னென்னவோ செய்கிறார்கள், பேப்பரில் படிக்கிறீர்களே. நான் ஒரே ஒரு போஸ்டர் அடித்தேன்.

ஆமாம். கண்ணீர் அஞ்சலி.

அதை ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? அந்தச் சமயத்தில் செய்கிற வழக்கம்தான். போன பெண்ணைச் செத்ததாக வைத்துக்கொள்வது. தலைமுழுகுவது. சொந்தக்காரர்கள் முகத்தில் விழிக்க வேண்டாமா? பத்தாவது படிக்கும்போது எடுத்த படத்தைக் கொடுத்தேன். பிரஸ்காரன் அதன் பெயரை "வேதவள்ளி" என்று போட்டுவிட்டான். நான் விடவில்லை, திருத்தச் சொன்னேன். பெண்ணின் பெயர் தப்பாக இருக்கக் கூடாது சார், எதுவாக இருந்தாலும். பிறந்த தேதி போட்டேன். மறைந்த தேதி என்று அது வீட்டை விட்டுப் போன தேதியைப் போட்டேன். தெருவில் ஒட்டினோம், கோயில் பக்கம் ஒட்டினோம், இங்கே ஒட்டினோம்.

இங்கேதான். இதே சுவர். அப்போது படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு தண்ணீர்க் குழாய் இருந்தது, அதற்கு மேலே.

பச்சையம்மாள் விடிகிறதற்குள் ஒரு வாளியும் துணியும் எடுத்துக்கொண்டு போய், ஒட்டின எல்லாவற்றையும் நனைத்து நனைத்துக் கிழித்துவிட்டு வந்தாள். வந்து குளித்துவிட்டு, வழக்கம் போலக் கோயில் வாசலில் பூ விற்கப் போய்விட்டாள். ஆனால் அவள் இங்கே வந்து சேருவதற்குள் இந்தச் சுவரில் இருந்ததைப் பெண் பார்த்துவிட்டதாம். முதல் வண்டியில் வந்து இறங்கி, அதற்கு எதிரே நின்றுவிட்டுத் திரும்பிப் போய்விட்டதாம். துணிமணி எடுக்க வந்ததோ, என்னவோ. பால்காரன் பார்த்துச் சொன்னான். அதற்கப்புறம் வரவில்லை. பச்சையம்மாள் போய்ச் சேர்ந்து ஐந்து வருஷம் ஆகிறது. அதற்கும் வரவில்லை. யாரும் சொல்லக் கூடாது என்று நான் சொல்லியிருந்தேன், உண்மைதான். ஆனால் பெற்ற பெண்ணுக்கு மனசில் தெரிய வேண்டாமா?

சரி, மாலை விஷயத்துக்கு வருகிறேன். அதுதான் என் கோபமே.

படம் வைத்த முதல் வெள்ளிக்கிழமை வந்து பார்க்கிறேன், என் காதுப் பக்கத்தில் சட்டத்தில் இருக்கிற ஆணியில் மாலை தொங்குகிறது. படியில் ஏறி நின்றால் காது எட்டும், பார்த்தீர்களா, அங்கே. எவனோ வேண்டுமென்றே செய்திருக்கிறான். கேசவனைப் பிடித்தேன். அவன் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தான். "டீ வெச்சது நாந்தாண்ணே, மால நான் இல்ல. மல்லி விக்கிற வெலைக்கு உனக்கு மாலயா?" என்றான். கழற்றிக் கொண்டுபோய்ப் பின்னால் கால்வாயில் போட்டேன். அடுத்த வெள்ளி மறுபடி மாலை. மறுபடி கால்வாய். அதற்கடுத்த வெள்ளியும். விளையாட்டாகச் செய்கிறவன் ஒரு தடவை செய்வான். வாரா வாரம் செய்கிறவனுக்கு என் மேல் எவ்வளவு வன்மம் இருக்க வேண்டும், சொல்லுங்கள்.

கடையில் வாங்கின மாலையும் இல்லை. அதுதான் ஆச்சரியம். கடையில் எல்லாம் இப்போது நூலில் கட்டுகிறார்கள். இது வாழை நாரில் கட்டியது. நாரை முதல்நாளே நனைத்து, கிழித்து, அளவாக எடுத்திருக்கிறது. நாலு மல்லிக்கு ஒரு கொத்து மருக்கொழுந்து. கடைசியில் ஒரு சாண் நாரை வெட்டாமல் விட்டிருக்கிறது. பச்சையம்மாள் அப்படி விடுவாள், வாங்குகிறவர்கள் முடிந்துகொள்ளட்டும் என்று. அந்தக் கைப்பழக்கம் தெரிந்தவன் எவனோ பழைய தெரு ஆள். என்னை நோகடிக்கவே அவள் மாதிரி கட்டியிருக்கிறான்.

கண்டுபிடித்தே தீருவது என்று போன வெள்ளி விடிவதற்கு முன்னால் வந்துவிட்டேன். காலையில் தண்ணீர் வண்டி வரும், விட்டுவிட்டு வெளியே வர முடியாது. அன்றைக்குத் தண்ணீர் போனால் போகட்டும் என்று வந்தேன். தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு சாலைக்கு அந்தப் பக்கம் நின்றேன். முதல் வண்டி போன பிறகு பார்த்தால், படியில் ஒரு பர்தா போட்ட அம்மா. கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் குழந்தை, ஏழெட்டு வயசு இருக்கும். என் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், அந்த அம்மாவின் முதுகு ஆணியை மறைத்தது. அந்தக் குழந்தை எட்டி என் காதைத் தொட்டுப் பார்த்தது. சிரித்தது. அந்த அம்மா அதன் கையைப் பிடித்து இறக்கவில்லை, தொடட்டும் என்று விட்டுவிட்டது.

எனக்கு அந்த நிமிஷம் எப்படி இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. யாரோ பெற்ற குழந்தை, யாரென்றே தெரியாத கிழவன் காதை ஆசையாகத் தொடுகிறது. என் ரத்தம் எங்கேயோ கல்லாக உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கிட்டே போய் இரண்டு வார்த்தை பேசலாமா என்று தோன்றியது. தெரியாத பெண்பிள்ளைகளிடம் பேசிப் பழக்கம் இல்லை. அவர்கள் போகட்டும், மாலைக்காரன் வருவான் என்று காத்திருந்தேன். அவர்கள் போன பிறகு சாலையைத் தாண்டி வந்து பார்த்தால், ஆணியில் மாலை! நான் வருவதற்கு முன்பே போட்டுவிட்டுப் போயிருக்கிறான். அந்த அம்மாவைக் கேட்டிருந்தால் பார்த்தேன் என்று சொல்லியிருக்கும். விட்டுவிட்டேன்.

அந்த அம்மாவே போட்டிருக்கலாமே என்கிறீர்களா? என்ன சார், படித்தவர் நீங்கள். அவர்களில் படத்துக்கு மாலை போடுவார்களா? அவர்களுக்கு அந்த வழக்கமே கிடையாதே. நான் இந்தப் பேட்டையில் அறுபது வருஷமாக இருக்கிறேன்.

இன்று வெள்ளிக்கிழமை இல்லை, ஞாயிறு. போட மாட்டான் என்று அறையைக் காலி செய்துவிட்டு மெதுவாக வந்தேன். வந்து பார்த்தால் இது தொங்குகிறது. இன்றுதான் கடைசி என்று போர்டில் எழுதியிருக்கிறதே, படித்துவிட்டான் போலிருக்கிறது. இருக்கட்டும், படத்தைக் கழற்றுகிற ஆட்கள் வந்ததும் அதோடு சேர்த்து...

என்ன சார்?

இன்று காலையிலா? நீங்களா? வெளிச்சம் நன்றாக இருக்கும் என்று முதல் வண்டிக்கே வந்தீர்களா? அப்படியானால் போட்டவனைப் பார்த்தீர்களா? படமே எடுத்திருக்கிறீர்களா! காட்டுங்கள் சார், காட்டுங்கள். இருங்கள், கண்ணாடியை எடுத்துக்கொள்கிறேன். கொஞ்சம் பெரிதாக்குங்கள்.

இது அந்த அம்மாதானே. பர்தா. முகம் தெரியவில்லை, சுவரைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது. கையில்... கையில் மாலை இருக்கிறது. ஆணியில் மாட்டுகிறது.

மெதுவாக நகர்த்துங்கள். குழந்தையைக் காட்டுங்கள். இல்லை, கீழே இல்லை. தலைப் பக்கம். முடியை இரட்டைப் பின்னல் போட்டிருக்கிறது. பின்னல் போட்டால் தெரியும். அப்படியே நிறுத்துங்கள்.

சார், இதைப் பாருங்கள். நீங்கள் பாருங்கள், எனக்குக் கண் சரியில்லை. படத்தில் என் காது. அதற்குக் கீழே அந்தக் குழந்தையின் காது. நீங்களே சொல்லுங்கள். நான் சொல்லக் கூடாது. நான் சொன்னால் ஆசையில் சொல்கிறேன் என்று ஆகிவிடும். நீங்கள் சொல்லுங்கள்.

எத்தனை மாலை சார். நாரை நனைத்து வைத்து, மருக்கொழுந்து தேடி வாங்கி. எல்லாவற்றையும் நானே என் கையால் கால்வாயில் போட்டேன். எதிரே சாலைக்கு அந்தப் பக்கம்தான் நின்றேன். இருபதடி இருக்குமா? இருபதடி. துண்டைச் சுற்றிக்கொண்டு.

ஐயோ, வந்துவிட்டார்கள். ஏணி வருகிறது.

தம்பி, தம்பி, ஒரு நாள். ஒரே ஒரு நாள் விட்டுவை. நாளை காலை முதல் வண்டி வந்து போகிற வரைக்கும்.

"பெருசு, ஓரமா போ. சாயங்காலத்துக்குள்ள செவுரு காலியா இருக்கணும். இன்னும் மூணு ஸ்டேஷன் இருக்கு எங்களுக்கு."

அது நான்தான் தம்பி, படத்தில் இருக்கிறது.

"அதுக்கென்னா பண்றது? உன்ன ஒண்ணும் கழட்டல, படத்தத்தான கழட்டறோம். ஏய் முருகேசா, அந்தப் பக்கம் புடி."

நீங்கள் சொல்லுங்கள் சார், நீங்கள் சொன்னால் கேட்பார்கள். யாழினிக்கு போன் போடுங்கள். எடுக்கவில்லையா? மறுபடி போடுங்கள். இன்று கடைசி என்று என் பெண்ணுக்குத் தெரியும், அதனால்தான் ஞாயிற்றுக்கிழமையே வந்திருக்கிறது. இனி வராது. எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. எந்த ஸ்டேஷனில் ஏறுகிறது, எங்கே இறங்குகிறது, ஒன்றும் தெரியாது. முதல் வண்டி, அதுதான் தெரியும். பதின்மூன்று வருஷமாக இதே ஊரில், இதே ரயில் பாதையில் எங்கேயோ இருந்திருக்கிறது.

தம்பி, அந்த மாலையை இழுக்காதே! நார் அறுந்துவிடும். மெதுவாக. ஆணியிலிருந்து தூக்கி எடு. ஆமாம். கொடு, என்னிடம் கொடு.

போகட்டும் சார், படத்தை எடுக்கட்டும். எனக்கு இப்போது வேறு ஒன்று தோன்றுகிறது. நீங்கள் படித்தவர், சொல்லுங்கள். ஒருவர் படத்தை இந்த மாதிரிச் சுவரில் பார்த்தால் செத்துவிட்டார் என்று எல்லோரும் நினைப்பார்கள். அது நினைக்குமா? தன் படத்தைத் தானே இந்தச் சுவரில் பார்த்துவிட்டுப் போன பெண் சார் அது. உயிரோடு நின்று படித்துவிட்டுப் போனது. இந்தச் சுவரில் ஒட்டுவதெல்லாம் செத்தவர்கள் இல்லை என்று இந்த ஊரில் யாருக்காவது தெரியும் என்றால் அதற்குத்தான் தெரியும். அப்படியானால் எதை நினைத்து மாலை போட்டது? அப்பன் போய்விட்டான் என்று அழுதுகொண்டு போட்டதா? இல்லை, இருக்கிறான் என்று தெரிந்தே, நீ எனக்குச் செய்ததை நான் உனக்குச் செய்கிறேன் என்று போட்டதா?

அழுததா சார்? காலையில் நீங்கள் பார்த்தீர்களே, அழுததா? நினைவில்லையா? நன்றாக யோசித்துப் பாருங்கள். வெளிச்சத்தைத்தான் பார்த்தீர்களா.

கேசவா! என் பையையும் பாயையும் இங்கே கொண்டுவா. ஆமாம், இங்கேதான். அரக்கோணம் எல்லாம் இல்லை.

நீங்கள் கிளம்புங்கள் சார். முடிந்தால் அந்தப் படத்தை மட்டும் எனக்கு ஒரு பிரதி போட்டுக் கொடுங்கள், கேசவனிடம் கொடுத்தால் போதும். சுவர் வெறுமையாகிவிட்டது பாருங்கள். படம் இருந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிகிறது. நான் அதற்கு நேர் கீழே உட்காரப் போகிறேன், துண்டு சுற்றாமல். நாளைக்கு வராவிட்டால் வெள்ளிக்கிழமை. இந்த வெள்ளி இல்லையென்றால் அடுத்த வெள்ளி. இந்தப் படி ஏறாமல் யாரும் வண்டி பிடிக்க முடியாது.

மாலையை மடியில் வைத்துக்கொள்கிறேன். கால்வாயில் போட மாட்டேன். செத்தவனுக்குப் போட்ட மாலையை உயிரோடு இருப்பவன் போட்டுக்கொள்ளக் கூடாது. இது யாருக்குப் போட்டது என்று கட்டினவள் வந்து சொல்லட்டும். எனக்குத்தான் என்றால், கழுத்தை நீட்டுகிறேன்.